செவிச்செல்வம்: அடுத்த வீட்டுப் பாட்டு



இப்பகுதியில் திங்கள்தோறும் நாம் கேட்டு மகிழ்ந்த இசைத்தட்டுகளைப் பற்றி எழுதி வருகிறோம். எதைக் கேட்பது என்பதை இதுவரை நாமே தெரிந்தெடுத்துக்கொண்டோம். இம்முறை அவ்வாறன்று. இத்திங்கள் நாம் கேட்டவையெல்லாம் ஓர் இளைஞர் கேட்ட கேள்விக்கு விடை தேடிக் கேட்டவை. ஆதலின் கேள்வியை முதலிற் சொல்லிவிடுவோம். அஃது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று. பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில், மாலை வேளையில், தேநீர் ஆறிக்கொண்டிருக்கையில் கேட்டது. அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறோம். பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடத்தை நெருங்கும் வழியில் சேரப்பணஞ்சேரி இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் வயலையும் ஏரியையும் நம்பி வாழ்ந்த ஊர்ப்பக்கம் அது. இன்று சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்த பிள்ளைகள் அங்கே அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஓர் அறையில் நால்வர், ஐவர். ஒருவர் பகல் ஷிப்ட், ஒருவர் இரவு ஷிப்ட். ஒருவர் எழுந்த பாயில் மற்றொருவர் படுக்கிறார்.

நம் இளைஞர் தென் மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவரோடு மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தவர் திருவண்ணாமலைப் பக்கத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. அவர் காலையில் குளித்து, நீறு பூசி, கைக்கடக்கமான ஒலிபெருக்கி ஒன்றில் திருவாசகம் வைப்பாராம். இவர் இரவில் செபமாலை சொல்லும்போது, அவர் தம் கைப்பேசியின் ஒலியைத் தாமே தணித்துவிடுவாராம். மூன்று ஆண்டுகளாக இப்படிக் கேட்டுக் கேட்டு, சிவபுராணத்தின் பெரும்பகுதி இவருக்கு மனப்பாடமாகிவிட்டது. படிக்கவில்லை, காதில் விழுந்து தங்கியது.

சென்ற ஆகஸ்ட் மாதம், இரவு வேலை முடிந்து இருசக்கர வண்டியில் திரும்பிய அந்த நண்பர் சாலை விபத்தில் இறந்துபோனார். உடலை ஊருக்குக் கொண்டுசென்ற வண்டியில் இவரும் சென்றார். அங்கே வீட்டு முற்றத்தில் பெரியவர் இருவர் சிவபுராணம் ஓதினர். ஒருவருக்கு இருமல்; மற்றவர் தனியே ஓத இயலாமல் திணறினார். இவர் உதடுகள் தாமாக அசைவதைக் கண்ட பாட்டி, “நீ அவனோட இருந்த பிள்ளையாப்பா? உனக்குத்தான் தெரியுமே, நீயும் சேர்ந்து சொல்லு” என்றாராம். இவர் சேர்ந்து ஓதினார். முடியும்வரை ஓதினார்.

திரும்பி வந்து, செபக்குழு ஒன்றில் தம் துயரைப் பகிர்ந்துகொண்டபோது இதையும் சொல்லியிருக்கிறார். குழுவில் மூத்தவர் ஒருவர், “முதற் கட்டளையையே மீறிவிட்டாயே தம்பி” என்றாராம். அன்றிலிருந்து மூன்று ஞாயிறுகள் இவர் திருப்பலிக்கு வந்தும் நற்கருணை வாங்காமல் கடைசி வரிசையில் நின்றிருக்கிறார். நாம் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

“சாமி, நான் செய்தது பாவமா?”

“இல்லை தம்பி. இந்த ஞாயிறு வந்து நற்கருணை வாங்கு” என்று உடனே சொன்னோம். அவர் எழுந்திருக்கவில்லை. “ஏன் பாவமில்லை என்றும் சொல்லுங்கள் சாமி. அவருக்கு நான் விடை சொல்ல வேண்டும்; எனக்கும் தெரிய வேண்டும்” என்றார். நெஞ்சுக்குத் தெரிந்த விடைக்குக் காரணம் சொல்ல வாய்க்கு வரவில்லை. “பதினைந்து நாள் பொறு. முதலில் அந்தப் பாட்டை நான் கேட்கிறேன்” என்று சொல்லி அனுப்பினோம். பெட்டியோடு கூடிய அந்த இசைத்தட்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அது நண்பருடைய தட்டு.

அது இளையராஜா இசையமைத்து 2005ஆம் ஆண்டு வெளிவந்த திருவாசகம். மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் உள்ள 51 பகுதிகளில் ஆறிலிருந்து அடிகளைத் தெரிந்தெடுத்து, ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் துணையோடு அமைத்தது. பலரும் இதைச் ‘சிம்பொனி’ என்றே வழங்கிவிட்டனர். இசை வல்லார் இதனை ‘ஒரத்தோரியோ’ என்பர். அதாவது நடிப்பும் வேடமும் இன்றிக் குரலாலும் கருவியாலும் மட்டுமே நிகழும் சமய இசைப்படைப்பு. இளையராஜாவின் முதல் சிம்பொனி வேறு. அது 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் அரங்கேறியது.

பெட்டியின் பின்புறம் தயாரிப்பாளர் பெயரைப் படித்தபோது நாமே சற்றுத் திகைத்தோம். தமிழ் மையம்! அதை நிறுவியவர் அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ், கத்தோலிக்கக் குரு. மணிலாவிலிருந்து ஒலிபரப்பான வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியில் முன்பு அவர் குரலைக் கேட்ட வாசகர் பலர் இருப்பர். செய்தியாக இதை நாம் 2005இலேயே படித்திருந்தோம், தட்டைத்தான் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளாகக் கேளாமல் விட்டதற்குச் சொல்லத்தக்க காரணம் ஒன்றும் நம்மிடம் இல்லை.

முதல் நாள் இரவு, சாலையில் சரக்கு வண்டிகளின் இரைச்சல் சற்று ஓய்ந்தபின் கேட்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: பிடிக்கவில்லை. வயலின் கூட்டம் திரண்டு எழும்போதெல்லாம் தமிழ்ச் சொல் அதற்கடியில் நசுங்குவதாகத் தோன்றிற்று. சிவபுராணப் பகுதியில் தமிழுக்கிடையே ஆங்கில அடிகள் வருகின்றன. அமெரிக்கரான ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதியவை. அவை பந்தியில் சம்மணமிட்டு உட்காரத் தெரியாத விருந்தாளியைப் போல இடறின. ஓதுவார் ஒருவர் பண்ணோடு பாடினால் போதாதா, இத்தனை ஆரவாரம் எதற்கு என்று எண்ணி அணைத்துவிட்டோம்.

மறுநாள் அச்சடித்த திருவாசகத்தை எதிரே வைத்துக்கொண்டு கேட்டோம். அப்போது ஒன்று புலப்பட்டது. சிவபுராணம் 95 அடிகள் கொண்டது. அதில் நம் செவியைத் தடுத்தது இறைவனின் பெயர்களே. அப்பெயர்களுக்குப் பின்னால் நிற்கும் மனிதரை நாம் கேட்கவே இல்லை. தீவினை மிகுந்த தாம் எவ்வாறு இறைவனைப் புகழ்வது என்று அறியாமல் கூசி நிற்கிறார் அவர். ஆலயத்தில் தொலைவில் நின்று, கண்களை உயர்த்தத் துணியாமல் மார்பில் அறைந்துகொண்ட வரிதண்டுபவரை லூக்கா நற்செய்தியில் நாம் அறிவோம். அதே கூச்சம், அதே தொலைவு. ஏறக்குறைய 20 நிமிடம் நீளும் அப்பகுதியில், முதல் நாள் ஆரவாரம் என்று நாம் எண்ணிய இசைக்குழு இரண்டாம் நாள் வேறாகக் கேட்டது. அத்தனை கருவிகளுக்கு நடுவே, மெருகேற்றாத ஒற்றைத் தமிழ்க்குரல். அக்குரல் சிறியதாய்க் கேட்பதற்காகவே இசைக்குழு பெரிதாய் எழுகிறது. ஆங்கில அடிகளோடு மட்டும் இன்றும் நமக்கு முழு உடன்பாடில்லை. ஆயினும் தமிழறியாத ஒருவர் காதுக்கு அக்கதவு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மற்றப் பகுதிகளும் நாளுக்கு ஒன்றாகத் திறந்தன. தட்டின் முதற்பாட்டே யாத்திரைப் பத்து. பொய்யை விட்டுப் புறப்படும் காலம் வந்தது என்னும் அழைப்பு. கோத்தும்பி, தேன் தேடும் வண்டை விளித்து, எங்கே சென்று ஊதவேண்டும் என்று அதற்கு வழி சொல்வது. பிடித்த பத்து, இறைவனைச் சிக்கெனப் பற்றிய கையின் பாட்டு. பொற்சுண்ணம், இறைவன் நீராடுவதற்கு நறுமணப் பொடி இடிக்கும் பெண்களின் வேலைப்பாட்டு. யாழ்ப்பாணத்துச் சைவர் இறந்தார் வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடுவதும் அதுவே. திருவிழாவுக்கென எழுந்த பாட்டைச் சாவு வீட்டிலும் பாடுகிற அம்மக்களின் நம்பிக்கையை எண்ணிப் பார்த்தோம். அடக்கத் திருப்பலியில் பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றிவைக்கும் நமக்கு அது விளங்காத செய்தியன்று.

இறுதியில் அச்சப் பத்து. பாம்புக்கும் அஞ்சேன், இன்னின்னவற்றுக்கும் அஞ்சேன் என்று அடுக்கிக்கொண்டே போகிற கவிஞர், அன்பில்லாதவரைக் கண்டால்தான் அஞ்சுகிறேன் என்கிறார். அதைக் கேட்டபோது மூன்று ஞாயிறுகள் கடைசி வரிசையில் நின்ற அந்தப் பிள்ளை நம் நினைவுக்கு வந்தார். அவர் அஞ்சியது யாரைக் கண்டு? நம்மைக் கண்டா?

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்லவேண்டும். ‘ஒரத்தோரியோ’ என்னும் சொல்லுக்குச் செபக்கூடம் என்பது பொருள். பதினாறாம் நூற்றாண்டில் உரோமையில் புனித பிலிப்பு நேரி, கடைத்தெரு இளைஞரையும் தொழிலாளரையும் மாலையில் தம் செபக்கூடத்தில் கூட்டி, மறையுரைக்கும் மன்றாட்டுக்கும் இடையே எளிய பாடல்களைப் பாடுவித்தார். அக்கூடத்துப் பாடல்களிலிருந்து வளர்ந்ததே இவ்விசைவடிவம். பிற்காலத்தில் ஹாண்டல் 1741ஆம் ஆண்டு ‘மெசியா’வை இவ்வடிவத்தில்தான் இயற்றினார். அப்படியாயின் மாணிக்கவாசகரின் அமுதை இளையராஜா ஊற்றித் தந்தது நம் வீட்டுப் பாத்திரத்தில் அன்றோ! அடுத்த வீட்டாரின் பாட்டு என்று நாம் ஒதுக்கி வைத்தது, நம் பாத்திரத்திலேயே நமக்கு வந்திருக்கிறது.

திருவாசகத்துக்கு உருகிய கிறிஸ்தவர் இதற்கு முன்பும் உண்டு. ஆங்கிலத் திருச்சபையின் குருவான ஜி. யு. போப் ஐயர் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். 1900ஆம் ஆண்டில், தம் எண்பதாம் அகவையில், திருவாசகம் முழுவதையும் பெயர்த்து ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். அதனால் அவர் கிறிஸ்துவை விட்டு விலகினார் என்று எவரும் சொன்னதில்லை.

திருவாசகத்துக்குப் பின் நம் பழைய பெட்டியிலிருந்து ஓர் ஒலிநாடாவைத் தேடி எடுத்தோம். அதை ஓட்டும் கருவி பழுதாகிவிட்டதால், பீடச்சிறுவன் ஒருவன் தன் கைப்பேசியிலேயே அதே படைப்பை எடுத்துத் தந்தான். 1986ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இளையராஜாவின் கருவியிசைத் தொகுப்பு அது. ‘இதற்கு என்ன பெயரிடுவது’ என்று தமிழில் சொல்லலாம். தியாகராசருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். குருமட நாள்களில் இதைக் கேட்டோம், கேட்டதாகப் பெயர். சினிமாப் பாட்டு இல்லையே என்ற ஏமாற்றம்தான் அப்போது மிஞ்சியது.

இப்போது கேட்கையில், ‘பாக்கை எம் வீட்டில் சந்தித்தேன்’ என்னும் பொருள்படும் பெயர் கொண்ட பகுதி நம்மைப் பிடித்துக்கொண்டது. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்த்திதாவின் முகப்பு இசை அதில் ஓடுகிறது. அது நிற்காமல் ஓடிவரும் சிறுவனைப் போன்ற இசை. அதை நிறுத்தாமல், அதன் கையைப் பற்றி, நம் இசை கூடவே ஓடுகிறது. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. பாக் பாக்காகவே இருக்கிறார். வீடு மட்டும் நம் வீடு. விருந்து என்பது அதுதானே. வந்தவர் தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டார் தம் வீட்டை இடிக்க வேண்டியதுமில்லை.

பாக் (1685–1750) லுத்தரன் சபையினர். 1723 முதல் இறக்கும்வரை லைப்சிக் நகரில் லுத்தரன் ஆலயங்களின் இசைப் பொறுப்பாளராய் இருந்தவர். அவரே தம் வாழ்வின் இறுதிக்காலத்தில் நம் இலத்தீன் திருப்பலியின் பாடற்பகுதிகள் முழுவதற்கும் இசையமைத்து, பி மைனர் திருப்பலி என்னும் பெரும்படைப்பை நிறைவு செய்தார். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கத் தயங்கிய காலம் அது.

இதுவரை நாம் அடுத்த வீட்டுப் பாட்டைக் கேட்பது பற்றியே சொன்னோம். நம் பாட்டை அடுத்த வீட்டார் பாடினால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2018 ஆகஸ்டில் சென்னையில் அது நேர்ந்தது. கர்நாடக இசைப் பாடகர் ஓ. எஸ். அருண் கிறிஸ்தவப் பாடல் நிகழ்ச்சி ஒன்றில் பாட ஒப்புக்கொண்டார். கடும் எதிர்ப்பு எழுந்தது, அவர் விலகிக்கொண்டார். வேறு பாடகர் சிலரும் முன்பு கிறிஸ்தவப் பாடல் பாடியதற்காக ஏசப்பட்டனர். அப்போது டி. எம். கிருஷ்ணா, திங்களுக்கு ஒரு கர்நாடக இசைப் பாடலை இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று அறிவித்தார். அன்று நாம் எல்லோரும் அவருக்காக மகிழ்ந்தோம், அருணுக்காக வருந்தினோம். பாட்டுக்கு வேலி உண்டா என்று மேடைகளில் கேட்டோம். அதே நாம், நம் பிள்ளை ஒருவன் இறந்த நண்பனின் முற்றத்தில் சிவபுராணம் ஓதினான் என்றவுடன் வேலி போடுகிறோம். ஒரே அளவுகோலால் இரு வீட்டையும் அளக்க வேண்டாமா?

பழைய தமிழகம் நம்மைவிட எளிதாக இதைச் செய்திருக்கிறது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) நம் கத்தோலிக்க மறையினர். அவர் எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்கதாகச் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றுட் சில இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் அவர் பசித்தவர்க்குச் சோறிட்டபோது, நந்தனார் சரித்திரம் பாடிய சிவநேயச் செல்வர் கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். சைவர் வாயில் கத்தோலிக்கரின் பெயர்! சோறு முதலில் பேசியது. பாட்டு பின்னர் வந்தது.

நம் காலத்திலும் சான்று இல்லாமற் போகவில்லை. சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிக்கும் ஹரிவராசனம் கே. ஜே. ஏசுதாஸ் பாடியது, அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 2015ஆம் ஆண்டு மறைந்த நாகூர் இ. எம். ஹனீபாவின் வெண்கலக் குரலை அறியாத தமிழர் யார்? கையேந்தி இறைவனிடம் கேட்கச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற பாடலை இத்திங்கள் சேரப்பணஞ்சேரிச் சாலையோரத் தேநீர்க் கடையில் கேட்டோம். கடைக்காரர் நெற்றியில் குங்குமம்; தேநீர் குடித்தவர் நாம், கழுத்தில் சிலுவை. பாட்டு முடியும்வரை அவரும் பாத்திரத்தைக் கழுவவில்லை, நாமும் எழவில்லை.

இனி நம் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறோர் ஊரில் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்தோம். அங்கே முதிய வயதில் திருமுழுக்குப் பெற்ற தாய் ஒருவர் இருந்தார். நெல் புடைக்கும்போது தேவாரப் பண் ஒன்றை முணுமுணுப்பார். சொற்கூட இருக்காது, பண் மட்டுமே. வீடு சந்திக்கச் சென்ற நாம் அதைக் கேட்டு, “அம்மா, இனி இதெல்லாம் வேண்டாம், நம் ஞானப்பாட்டு இருக்கிறதே” என்று கண்டித்தோம். அவர் தலையசைத்தார். அதன்பின் அவர் முணுமுணுத்து எவரும் கேட்கவில்லை. ஆனால் ஆலயத்திலும் அவர் வாய் திறந்து பாடவில்லை. ஞானப்பாட்டுக்கு இடம் விடச் சொல்லிப் பாட்டையே பிடுங்கிவிட்டோம் என்பது நமக்கு மிகப் பின்னர்தான் விளங்கிற்று. அவர் இன்று இறைவனிடம் இருக்கிறார். மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. செபக்குழு மூத்தவர்மேல் நாம் சினம் கொள்ளாமைக்குக் காரணம் இதுவே. அவர் சொன்னதைத்தான் முப்பது வயதுக்கு முன் நாமும் சொன்னோம்.

பதினைந்தாம் நாள் இளைஞர் வந்தார். நாம் அவருக்குச் சொன்ன விடையை வாசகர்க்கும் சொல்கிறோம்.

முதலாவது, முதற் கட்டளை தடுப்பது வேறு தெய்வத்தை வழிபடுவதை. நீ அங்கே சென்றது வழிபாட்டுக்கன்று. நண்பனை அடக்கம் செய்ய. இறந்தோரை அடக்கம் செய்வது நம் திருச்சபை கற்பிக்கும் உடலுக்கடுத்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று. அழுவாரோடு அழுங்கள் என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதியபோது, எந்தச் சமயத்தார் அழுதால் என்று எல்லை வகுக்கவில்லை. ஓத இயலாமல் திணறிய முதியவருக்குக் குரல் கொடுத்தாய். சுமை தூக்கமாட்டாதவரின் சுமைக்குத் தோள் கொடுத்ததும் அதுவும் ஒன்றே.

இரண்டாவது, அதே பவுல் ஏதென்சின் அரயோப்பாகு மன்றத்தில் நின்று பேசியபோது, கிரேக்கர்களின் கவிஞர் சொல்லையே எடுத்தாண்டார் எனத் திருத்தூதர் பணிகள் பதினேழாம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர் அந்நாட்டுக் கவிதைக்குச் செவி கொடுத்திராவிடில் அச்சொல் அவர் வாய்க்கு எவ்வாறு வந்திருக்கும்? இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில், பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று தெளிவுபடுத்தியது. இஃது இன்றைய பங்குத்தந்தை ஒருவரின் தாராளம் அன்று, திருச்சபையின் போதனை.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கையும் சொன்னோம். எல்லாம் ஒன்றே, எதைப் பாடினாலும் சரியே என்பதன்று இதன் பொருள். திருப்பலியில் நாம் பாடுவது நம் மீட்பர் நமக்குத் தந்த பலியின் பாட்டு. அங்கே வேறு பாட்டுக்கு இடமில்லை. அடுத்த வீட்டார் தம் பூசையறையில் நம் ஞானப்பாட்டை வைத்துத்தான் நம்மை மதிக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை அன்றோ! மேலும், திருவாசகம் அம்மக்களுக்குக் கண்ணீரோடு சொல்லும் மன்றாட்டு. அதை வெறும் இன்னிசையாக, நேரம் போக்கும் பொருளாகக் கேட்பது ஒருவகை அவமதிப்பே. சொல்லைவிடக் குரல் தம்மை அதிகமாய் இழுத்துச்செல்கிறதோ என்று, தம் சொந்தத் திருச்சபையின் பாடல்களைக் கேட்கும்போதே அஞ்சியவர் புனித அகுஸ்தீன். அவ்வச்சம் நமக்கும் இருக்கட்டும். பிறர் மன்றாட்டைக் கேட்கையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்கவேண்டும்.

இளைஞர் கேட்டு முடித்து, “அப்படியென்றால் அவனுக்காக நான் செபமாலை சொல்லலாமா சாமி?” என்றார். இத்தனை நாளும் அவர் நெஞ்சில் இருந்த கேள்வி இதுதான் என்பது அப்போதே நமக்குத் தெரிந்தது. இசை பற்றிப் பதினைந்து நாள் ஆராய்ந்த நாம் அதை ஊகிக்கவில்லை. “சொல்லு தம்பி. நாள்தோறும் சொல்லு” என்றோம்.

இதனைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்கழி பிறக்கப் போகிறது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி திருவெம்பாவையைப் பாடத் தொடங்கும். அதுவும் திருவாசகத்தின் பகுதியே. போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு முணுமுணுக்குமுன் ஒன்றை நினைவுகூருங்கள். அதே திங்களில் நள்ளிரவுக்கு மேல் நம் கிறிஸ்து பிறப்புப் பாடற்குழு, கித்தாரும் டிரம்மும் கிறிஸ்மஸ் தாத்தாவுமாக, அதே தெருவழியே போகிறது. அம்மக்கள் விளக்கைப் போட்டு, வாசலில் வந்து நின்று, குழந்தையைத் தூக்கிக் காட்டி, நம் பாட்டைக் கேட்கிறார்கள். சிலர் காணிக்கையும் போடுகிறார்கள். அவர்கள் நமக்குக் கொடுக்கும் செவியில் பாதியையாவது நாம் அவர்களுக்குக் கொடுப்போம். பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு பாட்டை முழுமையாகக் கேட்டு, அதன் பொருளை அடுத்த வீட்டாரிடமே கேட்டறியுங்கள். அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். நம் பாட்டின் பொருளையும் பதிலுக்குக் கேட்பார்கள்.

நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். வழக்கம்போல் இறந்தோர் பெயர்களை எழுதிப் போடப் பீடத்தருகே பெட்டி வைத்திருந்தோம். திருப்பலியில் தாள்களை ஒவ்வொன்றாய் விரித்து வாசித்து வருகையில், அந்தோணி, சூசை, மரியம்மாள் என்ற பெயர்களுக்கு நடுவே சிவனின் பெயர் தாங்கிய ஒரு பெயர் வந்தது. எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தது. மற்றப் பெயர்களைப் போலவே அதையும் உரக்க வாசித்தோம். மக்கள் வழக்கம்போல் மறுமொழி சொன்னார்கள். செபக்குழு மூத்தவர் மூன்றாம் வரிசையில் இருந்தார். அவர் வாய் அசைந்ததா என்று நாம் பார்க்கவில்லை; அடுத்த தாளை விரித்துக்கொண்டிருந்தோம்.

இசைத்தட்டைத் திருப்பிக் கொடுக்க முயன்றோம். “உங்களிடமே இருக்கட்டும் சாமி, எனக்கு மனப்பாடம்” என்றார் இளைஞர்.

மீண்டும் அடுத்த திங்களில் சந்திப்போம். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.